பட்டாளத்தார் திரும்பிய பின்

வேலூர் லாங்கு பஜாரில் நிற்கும் மணிக்கூண்டின் சுவரில் ஆங்கிலச் சாசனம் ஒன்று பதிக்கப்பட்டிருக்கிறது. 1914-ல் மூண்ட மகா யுத்தத்துக்கு இவ்வூரிலிருந்து 277 பேர் சென்றனர் என்றும், அவர்களுள் 14 பேர் உயிர் நீத்தனர் என்றும் அது சொல்கிறது. இதே வாசகத்தை, எண்ணிக்கையை மட்டும் மாற்றிச் செதுக்கிய கற்கள் தமிழ்நாட்டின் வேறு பல ஊர்களிலும் உண்டு. படிக்கிறவர் மனம் மாண்டவர்களிடத்தில் சென்று நிற்பது இயல்பே; நிற்கவும் வேண்டும். ஆயினும் 277-லிருந்து 14-ஐக் கழித்தால் மீதி 263 பேர் இருக்கிறார்கள். அவர்கள் திரும்பி வந்து, கலியாணம் செய்து, பிள்ளைகளைப் பெற்று, தீர்வை கட்டி, வழக்காடி, மூப்படைந்து மறைந்தவர்கள். யுத்தத்தில் அவர்கள் கழித்தது நாலைந்து வருஷமென்றால், ஊரில் கழித்தது முப்பது நாற்பது வருஷம். அந்த முப்பது நாற்பது வருஷத்துக்கு எங்கும் கல் நாட்டப்படவில்லை.

விருதுநகரையும் சிவகாசியையும் சாத்தூரையும் ஸ்ரீவில்லிபுத்தூரையும் உள்ளடக்கிய கரிசல் பிரதேசத்தில் அப்படித் திரும்பி வந்த பட்டாளத்தார்களின் பிற்கால வாழ்வைப் பற்றியே நான் இங்கே எழுத விரும்புகிறேன். தனியொருவருடைய ஜீவிய சரித்திரம் அல்ல இது; ஊருக்கு ஊர், தெருவுக்குத் தெரு, ஒரே சாயலில் நடந்து முடிந்த பல வாழ்க்கைகளிலிருந்து தோன்றும் பொது உருவம்.

இந்தப் பிரதேசத்தை அறியாமல் இம்மனிதரை அறிய முடியாது. மேற்கே மலையடிவாரத்தில் இராஜபாளையத்தையும் வத்திராயிருப்பையும் சுற்றியுள்ள நஞ்சையை விட்டுவிட்டுக் கிழக்கே வந்தால், வைப்பாறும் அர்ச்சுனா நதியும் வருஷத்தில் பெரும்பகுதி மணலாய்க் கிடக்க, ஆண்டுக்குச் சுமார் 800 மில்லிமீட்டர் மழையை, அதிலும் ஐப்பசி கார்த்திகையில் பெய்தால் உண்டு, இல்லையேல் இல்லை என்கிற மழையை நம்பிப் பருத்தியும் கம்பும் சோளமும் மிளகாயும் விளைத்த பூமி இது. 1876-ல் தொடங்கிய தாது வருஷப் பஞ்சம் இந்த ஜனங்களை உலுக்கிப் போட்டது; இலங்கைத் தோட்டங்களுக்கும் பர்மாவுக்கும் மலேயாவுக்கும் கூட்டங்கூட்டமாய்ப் போனவர்கள் அநேகர். வானம் கைவிட்ட இடத்தில் மனிதர் பிழைக்க வழி தேடியதற்கு மூன்று விடைகள் கிடைத்தன. முதலாவது வியாபாரம்: விருதுபட்டி என்றிருந்த விருதுநகரில், வியாபாரத்தில் மகமை என்னும் பொதுநிதி வசூலித்தும் வீட்டுக்கு வீடு பிடியரிசி எடுத்தும் 1889-ல் க்ஷத்திரிய வித்யாசாலையை எழுப்பிய நாடார் சமூகத்தின் கதை அது. இரண்டாவது கைத்தொழில்: 1922-ல் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா சென்று தீப்பெட்டி செய்யக் கற்றுத் திரும்பியதில் தொடங்கி, பட்டாசும் அச்சும் சேர்ந்து சிவகாசியை உலகறியச் செய்த கதை. இவ்விரண்டையும் பற்றி நூல்கள் பல வந்திருக்கின்றன. மூன்றாவது விடை பட்டாளம். அதைப் பற்றி எழுதியவர்கள் மிகச் சிலரே.

காரணம் உண்டு. வியாபாரமும் தொழிலும் ஊரிலேயே கட்டடங்களாய் நின்றன. சிப்பாயின் உழைப்போ வேறெங்கோ பனிமலையிலும் பாலையிலும் நடந்தது. அதன் பலன் ஊருக்கு வந்த போது, ஒரு கிணறாகவோ ஓட்டு வீடாகவோ தங்கையின் தாலியாகவோ உருமாறி வந்தது. அப்படி வந்ததைச் சரித்திரக்காரன் கண்டுகொள்வதில்லை.

தென்னாட்டாருக்குப் பட்டாளம் புதிதும் அன்று. 1758-ல் ஒழுங்குபடுத்தப்பட்ட சென்னைச் சிப்பாய்ப் படைகள் கிழக்கிந்தியக் கம்பெனியாருடைய சேனைகளுள் மிகப் பழமையானவை. ஆனால் பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில், சில ஜாதியாரும் சில பிரதேசத்தாருமே போருக்குப் பிறந்தவர்கள் என்ற கொள்கை வெள்ளைக்காரத் தளபதிகளிடையே வேரூன்றிற்று. சென்னைச் சேனைக்குத் தலைமை வகித்துப் பின்னர் இந்தியா முழுமைக்கும் சேனாதிபதியான ராபர்ட்ஸ் பிரபு, தென்னாட்டுச் சிப்பாயை வடமேற்கு எல்லைக்கு உதவாதவன் என்று கருதினார். ஒவ்வொன்றாய்க் கலைக்கப்பட்ட மதராஸ் காலாட்படைகளில் எஞ்சியவையும் 1928-க்குள் மறைந்தன. பெங்களூரில் இருந்த மதராஸ் ஸாப்பர் படை மட்டும், பாலம் கட்டவும் சுரங்கம் வைக்கவும் அறிந்த அதன் தொழில் திறமையால் தப்பிப் பிழைத்தது. ஒரு தலைமுறை முழுவதும் கரிசல் நாட்டு இளைஞனுக்குத் துப்பாக்கி எட்டாத பொருளாயிற்று. இதை அநீதி என்றே நான் சொல்வேன். பஞ்ச காலத்தில் உயிர் பிழைக்கக் கடல் கடந்தவனைக் கோழை வம்சம் என்று முத்திரை குத்திய அநீதி.

இரண்டாவது மகா யுத்தம் அந்தக் கொள்கையைத் தூக்கி எறிந்தது. 1939-ல் ஏறக்குறைய 2 லட்சம் பேராயிருந்த இந்திய சேனை, 1945-ல் 25 லட்சத்தைத் தொட்டது. அத்தனை பேரை எந்த ஒரு மாகாணத்தாலும் தனியே தர முடியாது. 1941, 42-ல் மதராஸ் ரெஜிமென்ட் மறுபடி எழுப்பப்பட்டது. மதுரையிலும் திருநெல்வேலியிலும் ராமநாதபுரத்திலும் ஆள் எடுக்கும் அதிகாரிகளின் முன்னால் இளைஞர்கள் வரிசையில் நின்றார்கள். நிலையான சம்பளம், இரண்டு வேளைச் சோறு, உடுக்கத் துணி, காலுக்குப் பூட்ஸ் இவையே பெரும்பாலோரை அழைத்தன என்று சொல்வதில் அவர்களுக்கு இழுக்கொன்றுமில்லை. கரிசல் நாட்டுக்கு அந்த யுத்தம் செய்த காரியங்கள் விசித்திரமானவை. அந்நியப் பட்டாசு வரத்து நின்றதால் சிவகாசியில் பட்டாசுத் தொழில் தலையெடுத்தது அதே யுத்த காலத்தில்தான். 1942-ல் ரங்கூன் விழுந்த போது, லட்சக்கணக்கான இந்தியர் காட்டு வழியே கால்நடையாய்த் திரும்பினர். அவர்களில் தமிழரும் திரளாய் இருந்தார்கள். அவர்கள் எந்தப் பாதையில் வந்தார்களோ அந்தப் பாதையிலேயே, அவர்களுடைய தம்பிமாரும் மைத்துனன்மாரும் இரண்டு வருஷத்துக்குப் பின் சீருடை அணிந்து எதிர்த்திசையில் போனார்கள். மலேயாத் தோட்டங்களில் இருந்த தமிழர் ஆயிரக்கணக்கில் நேதாஜியின் இந்திய தேசிய ராணுவத்தில் சேர்ந்து எதிர்ப்புறத்தில் நின்றார்கள். ஒரே மண்ணில் பிறந்தவர்கள் இரு சேனைகளில் நின்ற அந்தக் கொடுமையை இரண்டு பக்கத்தாரும் ஊர் திரும்பிய பின் ஒரே டீக்கடைப் பெஞ்சில் உட்கார்ந்து ஆற்றிக்கொள்ள நேர்ந்தது.

யுத்தம் முடிந்தது, சேனை கலைந்தது. 1945-ல் இந்தியாவில் வேலைவாய்ப்பு அலுவலகங்கள் தோன்றியதே இப்படி விடுவிக்கப்பட்ட சிப்பாய்களுக்கு உத்தியோகம் தேடித் தரத்தான் என்பது, பின்னாளில் அந்த அலுவலக வாசலில் பதிவு அட்டையைப் புதுப்பிக்க நின்ற பட்டதாரிகளில் அநேகருக்குத் தெரிந்திராது. முதல் யுத்தத்தின் முடிவில், 1919-ல், ஏற்பட்ட இந்தியச் சிப்பாய்கள் போர்டும் அதன் ஜில்லாக் கிளைகளும் உதவின என்றாலும், உதவி போதவில்லை. திரும்பி வந்தவர்களில் பலர் பழைய ஏருக்கும் பழைய கடனுக்குமே திரும்பினார்கள்.

ஆனால் பழைய மனிதராய்த் திரும்பவில்லை. லங்கர் என்னும் பட்டாளத்துச் சமையற்கூடத்தில் எல்லாரும் ஒரே வரிசையில் தட்டேந்தி நிற்க வேண்டும். பாரக்கில் அடுத்த கட்டிலில் யார் படுப்பது என்பதை ஜாதி தீர்மானிப்பதில்லை. சொந்த ஊரில் தெருவில் செருப்பணிந்து நடக்கக் கூடாதென்று தடுக்கப்பட்டவன், பூட்ஸ் அணிந்து அணிவகுத்துப் பழகிவிட்டு வந்தான். துண்டை இடுப்பில் கட்டி நிற்கச் சொன்னால் இனி அவனால் முடியாது. அன்றைக்கு விருதுநகரும் பரமக்குடியும் ஒரே ராமநாதபுரம் ஜில்லாவில் இருந்தன. அந்த ஜில்லாவின் கிழக்குப் பகுதியில் செல்லூர் என்னும் கிராமத்தில் 1924 அக்டோபர் 9-ந் தேதி பிறந்த இம்மானுவேல் சேகரன் ராணுவத்தில் ஹவில்தாராய்ப் பணியாற்றி, ஊர் திரும்பி, தாழ்த்தப்பட்ட மக்களின் சுயமரியாதைக்காக உழைக்கலானார். 1957 செப்டம்பர் 11-ல் பரமக்குடியில் அவர் வெட்டிக் கொல்லப்பட்ட போது வயது 32. அந்த ஆண்டின் முதுகுளத்தூர்க் கலவரம் இன்றளவும் ஆறாத புண்ணாய்த் தென் மாவட்டங்களில் இருக்கிறது. 2010-ல் மத்திய அரசு அவருக்குத் தபால் தலை வெளியிட்டது. திரும்பி வந்த ஒரு பட்டாளத்தாரின் இரண்டாவது சேவைக்கு இந்தச் சீமையில் கிடைத்த மிகப் பெரிய உதாரணமும், அதற்கு அவர் கொடுத்த விலையும் அவரிடத்தில் இருக்கின்றன. அவரளவு துணிவு எல்லாருக்கும் வாய்க்காது. ஆனால் அவரிடம் பற்றிய தீயின் பொறி, ஊர்க்கூட்டத்தில் நாற்காலியில் உட்கார்ந்ததற்காகவே வசை வாங்கிய பெயர் தெரியாத நாயக்குகளிடமும் ஹவில்தார்களிடமும் இருந்தது.

சுதந்திரத்துக்குப் பின் பட்டாளம் ஒரு நிலையான ஜீவனோபாயமாயிற்று. வெலிங்டனிலும் பெங்களூரிலும் பயிற்சி பெற்றுப் போவது, அண்ணன் வழியில் தம்பியும் மாமன் வழியில் மருமகனும் பின்பற்றுகிற குடும்ப வழக்கமாயிற்று. அந்த நாளைய சிப்பாய்க்கு ஊர் தெரிந்த விலாசம் ஒன்று உண்டு. அவர் லடாக்கில் இருந்தாலும் ராஜஸ்தானத்தில் இருந்தாலும் கடிதத்தின் மேல் 56 ஏ.பி.ஓ. (ராணுவத் தபால் நிலையம்) என்றே இருக்கும், கிழக்கே அஸ்ஸாமிலோ நாகாலாந்திலோ இருந்தால் 99 ஏ.பி.ஓ. எங்கே இருக்கிறார் என்பது வீட்டாருக்குத் தெரியாது. மணியார்டர் வந்தால் இருக்கிறார் என்று தெரியும். தபால்காரர் பணத்தை எண்ணிக் கொடுத்துவிட்டு, படிவத்தின் அடியில் இருக்கும் சிறு இடத்தில் எழுதிய இரண்டு வரியை வாசித்துக் காட்டுவார். தாயார் கைநாட்டு வைப்பார். யுத்தம் நடந்த 1962-லும் 65-லும் 71-லும் அந்த மணியார்டர் ஒரு வாரம் தாமதித்தால் வீட்டில் அடுப்பு மூட்டவும் மனம் வராது.

வருஷத்துக்கொரு முறை லீவு. மதராஸ் வரை கிராண்ட் டிரங்க் எக்ஸ்பிரஸில், பிறகு மீட்டர்கேஜ் வண்டிக்கு மாறி விருதுநகர் சந்திப்பில், அங்கிருந்து தென்காசி வண்டியிலோ பஸ்ஸிலோ என்று மூன்று நாலு நாள் பிரயாணம். பெயரும் நம்பரும் வெள்ளைப் பெயிண்டில் எழுதிய டிரங்குப் பெட்டி, ஹோல்டால், மனைவிக்குக் காஷ்மீரத்துக் கம்பளிச் சால்வை, இந்தக் கொளுத்தும் வெயிலூரில் அதைப் போர்த்த ஒரு நாளும் வாய்க்காது என்று தெரிந்தும்.

அந்த மனைவியைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லாமல் மேலே போவது நன்றிகெட்ட செயல். பதினைந்து பதினேழு வருஷம் கணவன் வெளியே இருக்க, மாமனார் மாமியாரைப் பேணி, குழந்தைகளைப் பள்ளிக்கனுப்பி, காட்டுவேலையையும் கடன்காரரையும் சமாளித்து, மணியார்டரில் மீதம் பிடித்துச் சீட்டுப் போட்டுக் குடும்பத்தை நிறுத்தியவர் அவர். பட்டாளத்தார் கட்டினார் என்று ஊர் சொல்லும் வீடுகளில் பெரும்பாலானவற்றுக்குச் செங்கல் எண்ணி இறக்கியவர் அவர்களுடைய சம்சாரங்களே. முப்பத்தைந்து முப்பத்தேழு வயதில் கணவர் பென்ஷனோடு திரும்பிய போது, வீட்டுக்கு எஜமானர் இருவராய் விட்டார்கள். காலை ஐந்து மணிக்கு எழுப்பி, கட்டில் விரிப்பில் சுருக்கம் கூடாதென்று அதிகாரம் செய்கிற தந்தையைக் குழந்தைகள் முதல் ஒரு வருஷம் விருந்தாளியைப் போலவே பார்த்தார்கள். கான்டீன் ரம்மில் தம்மை இழந்தவர்களும் உண்டு. அதை விற்றுப் பழகியவர்களும் உண்டு. மறைப்பதற்கில்லை. எனினும் பெரும்பாலோர் அந்தக் கடின காலத்தைத் தாண்டினார்கள். சிப்பாய் மெல்ல மெல்ல இல்லறத்தாரானார்.

சிப்பாயின் பென்ஷன் அந்நாளில் ஒரு குடும்பத்துக்குப் போதிய தொகையன்று; ஆகவே திரும்பியவர் வேறு வேலையும் தேட வேண்டியிருந்தது. 1969-ல் வங்கிகள் தேசியமயமான பின் ஊரூராய்க் கிளைகள் தோன்ற, வாசலில் இரட்டைக் குழல் துப்பாக்கியோடு நின்ற காவலர் பெரும்பாலும் இவராகவே இருந்தார். சிவகாசி வட்டாரத்தில் தீப்பெட்டி ஆபீஸ்களின் வாசலிலும் பட்டாசு ஆலைகளின் கேட்டிலும் நின்றவரும் இவரே. அங்கே இவருக்கு வேறொரு பிரயோஜனமும் இருந்தது. பஞ்சாபி லாரி டிரைவரோடும், தீபாவளிச் சரக்கு வாங்க வந்த கான்பூர் வியாபாரியோடும் ஹிந்தியில் பேச ஊரில் முதலில் கிடைத்தவர் பட்டாளத்தாரே. 1965-ல் தமிழகமெங்கும் மொழிப்போர் நடந்த அதே ஆண்டில், எல்லையில் யுத்தத்தில் நின்று, ஹிந்தியில் கட்டளை கேட்டு, தமிழில் வீட்டுக்குக் கடிதம் எழுதிய மனிதர் அவர். இரண்டையும் அவர் முரணாய்க் கருதியதாய்த் தெரியவில்லை.

பட்டாசு பூமியில் வாழ்கிற பழைய ஸாப்பருக்கு மருந்தைக் கண்டால் ஒரு பயபக்தி உண்டு. முள்வேலியைத் தகர்க்கும் பெங்களூர் டார்ப்பீடோ 1912-ல் பிறந்ததே இவருடைய படையில்தான். எவ்வளவு மருந்தை ஓரிடத்தில் வைக்கலாம், எத்தனை பேர் ஓர் அறையில் இருக்கலாம், வெடித்த இடத்தை உடனே நெருங்கலாகாது என்பவை அவருக்குப் பாடமாய்ச் சொல்லித் தரப்பட்டவை. அறைக்கு அறை இடைவெளி, கலவைக்கு அளவு என்று வெடிமருந்து விதிகள் சொல்வதும் அதுவே. 2012 செப்டம்பர் 5-ல் சிவகாசியை அடுத்த முதலிப்பட்டியின் பட்டாசு ஆலையில் நேர்ந்த விபத்தில் ஏறக்குறைய 40 பேர் மாண்டனர். முதல் வெடிச் சத்தம் கேட்டுப் பார்க்கவும் உதவவும் ஓடிச் சென்ற அக்கம்பக்கத்தாரும் அவர்களுள் இருந்தார்கள் என்பதே அந்தச் செய்தியின் தாங்கவொண்ணாத பகுதி. ஆபத்தை நெருங்கும் முறையை அறிந்த மனிதர்கள் நூற்றுக்கணக்கில் வாழும் பிரதேசத்தில், அந்த அறிவைத் தொழிற்சாலைகளும் சர்க்காரும் கேட்டுப் பெற்றிருக்கலாம் என்று எனக்கு அடிக்கடி தோன்றும். கேட்டில் சல்யூட் அடிக்க மட்டும் அவரை வைத்துக்கொண்டோம்.

ஊர் அவரிடம் கேட்டுப் பெற்றது வேறொன்று: மனு எழுதும் கலை. பட்டாளத்தில் எல்லாமே காகிதம். லீவுக்குப் படிவம், துணிக்குப் படிவம், நோய்க்குப் படிவம். இலாகாவுக்கு எப்படி எழுத வேண்டும், எந்த எண்ணைக் குறிப்பிட வேண்டும், பதில் வராவிட்டால் எத்தனை நாள் கழித்து நினைவூட்ட வேண்டும், நகலை ஏன் பத்திரப்படுத்த வேண்டும் என்பதைப் பதினேழு வருஷம் பயின்றவர், தாசில்தார் ஆபீஸ் வாசலில் தயங்கி நிற்கும் கிராமத்தானுக்கு மிகப் பெரிய துணை. ரேஷன் கார்டு, பட்டா மாறுதல், முதியோர் உதவித்தொகை, தெருவிளக்கு, பஸ் நிறுத்தம் என்று கரிசல் கிராமங்களுக்கு வந்து சேர்ந்த சௌகரியங்களின் பின்னால், கார்பன் தாள் வைத்து எழுதப்பட்ட மனுக்களின் கட்டு ஒன்று ஏதேனும் ஒரு டிரங்குப் பெட்டியில் இருக்கும். அதிகாரியின் முன்னால் விறைப்பாய் நின்று, ஆனால் கையைக் கட்டாமல் பேசும் பழக்கத்தை ஊருக்குக் கற்றுத் தந்தவர் அவர்.

இவற்றுள் மிகவும் போற்றத்தக்கது விதவைகளுக்காக அவர் எழுதிய காகிதங்கள். முப்படையினரின் பென்ஷன் கணக்குகளில் தரைப்படைக்குரியதை நிர்வகிக்கும் அலுவலகம் அலகாபாத்தில், இப்போதைய பிரயாக்ராஜில், இருக்கிறது. விருதுநகர்ச் சீமையின் கிழவிகளுக்கு அலகாபாத் என்றால் திரிவேணி சங்கமம் அன்று. பென்ஷன் வருகிற இடம். சேரும் போது ரெக்கார்டு ஆபீஸில் யாரோ ஒரு குமாஸ்தா தம் காதில் விழுந்தபடி எழுதிய பெயரும், ரேஷன் கார்டில் உள்ள பெயரும் ஓர் எழுத்து வேறுபட்டால், கணவனை இழந்தவளுக்குக் குடும்ப பென்ஷன் மாதக்கணக்கில், சில சமயம் வருஷக்கணக்கில் நின்றுவிடும். அப்போது அந்த அம்மாளை அழைத்துக்கொண்டு முன்னாள் படைவீரர் நல அலுவலகத்துக்கும் வங்கிக்கும் நோட்டரிக்கும் வெயிலில் அலைகிறவர், இறந்தவரோடு ஒரே படையில் இருந்தவராகவும் இருக்க வேண்டியதில்லை. ஒரே சீருடை அணிந்தவர் என்ற உறவு போதும். நவம்பர் மாதம் தோறும் உயிர்வாழ்வதற்குச் சான்று கொடுக்க வங்கிக்கு வரும் கிழவர் கூட்டத்தில், இவ்வருஷம் வராதவர் யார் என்று முதலில் கவனிப்பவரும் அவரே. விசாரித்துக்கொண்டு அன்று மாலையே அந்த வீட்டுக்குப் போவார்.

சில காரியங்களைப் பற்றி அவர் பேசுவதில்லை. 1987 முதல் 1990 மார்ச் வரை இந்திய அமைதிப் படை இலங்கையில் இருந்தது. மதராஸ் ரெஜிமென்டின் படைப்பிரிவுகளும் சென்றன. பனி எல்லையில் பாஷை தெரியாத எதிரியைப் பார்த்தவர்களுக்கு, யாழ்ப்பாணத்தில் தம் தாய்மொழியிலேயே கேட்கிற குரல்களுக்கு நடுவே துப்பாக்கியோடு நிற்க நேர்ந்தது. மாண்ட இந்திய வீரர் ஆயிரத்துக்கும் மேற்பட்டவர். மாண்ட ஈழத் தமிழரும் பலர். திரும்பி வந்தபோது தமிழ்நாட்டில் அவர்களுக்கு வரவேற்பில்லை, அவர்களும் எதிர்பார்க்கவில்லை. 1971-ன் கதையைப் பேரனுக்கு ஆயிரம் தடவை சொல்லும் பெரியவரின் பக்கத்தில், 1987-ஐச் சொல்லாத ஒருவரும் இதே ஊர்களில் இருக்கிறார். அந்த மௌனத்தை நாம் மதிக்க வேண்டும். ஆயினும் அவர் விரும்பிச் சொன்னால் எழுதிக்கொள்ளவும் ஒருவர் இருக்க வேண்டும்.

அண்மைக் காலத்தில் நிலைமை சற்றே மேம்பட்டது. 2003-ல் முன்னாள் படைவீரர் மருத்துவத் திட்டம் வந்தது. நெடுநாள் கிளர்ச்சிக்குப் பின், ஒரே பதவிக்கு ஒரே பென்ஷன் என்ற ஆணை 2015-ல் வெளியாயிற்று. டிசம்பர் 7-ல் பள்ளிப் பிள்ளைகளின் சட்டையில் கொடி குத்தி நிதி சேர்க்கும் வழக்கம் 1949 முதல் தொடர்கிறது. பென்ஷன் கணக்கெல்லாம் கணினிக்கு மாறிவிட்டது. கிழவர்களுக்காகக் கைபேசியில் விரல் ரேகை பதியும் வேலையை இப்போது இளைய ஹவில்தார் எடுத்துக்கொண்டிருக்கிறார்.

ஆனால், திரும்பி வந்த பட்டாளத்தார் ஊருக்கு உழைக்கும் இந்த வழக்கத்தின் அஸ்திவாரம் வேறிடத்தில் அசைந்திருக்கிறது. 2022 ஜூன் 14-ல் அறிவிக்கப்பட்ட அக்னிபத் திட்டத்தின்படி, பதினேழரை வயது முதல் சேர்கிற இளைஞன் நான்கு ஆண்டு பணியாற்றுவான். நூற்றுக்கு 25 பேர் வரையில் மேற்கொண்டு பணியில் வைத்துக்கொள்ளப்படுவர். மற்றவர் சுமார் 11.71 லட்ச ரூபாயோடு, பென்ஷனின்றி வீடு திரும்புவர். சேனைக்கு இது நன்மையா என்று தீர்ப்புச் சொல்ல எனக்குத் தகுதியில்லை. நான் கேட்பது கரிசல் கிராமத்தின் சார்பில். நாற்பது வருஷம் ஒருவர் மற்றவர்களுக்காக மனு எழுதவும், விதவைகளோடு அலையவும், கூட்டத்தில் அஞ்சாமல் எழுந்து நிற்கவும் அவருக்கு ஓய்வைத் தந்தது மாதம் தவறாத அந்தச் சிறு தொகை. இருபத்திரண்டு வயதில் திரும்பும் பையனுக்கு அந்த ஓய்வு இராது. அவனும் பட்டாசு ஆலைக் கேட்டுக்கோ திருப்பூருக்கோ வளைகுடாவுக்கோ உடனே புறப்பட வேண்டியவன். முதலில் சேர்ந்தவர்களின் நான்கு ஆண்டு முடிந்ததும் அவர்களில் யார் யார் ஊரில் தங்குகிறார்கள், எத்தனை பேர் தங்குகிறார்கள் என்பதை நம் பஞ்சாயத்துகள் இப்போதிருந்தே ஒரு நோட்டில் குறித்துவரலாம்.